தொடாமல் மறித்தவர்

அன்றைக்கு அண்ணன் காலில் வெள்ளைக் கான்வாஸ் ஜோடு இருந்தது. ஆலை மைதானத்து மூங்கில் வேலிக்கு வெளியே எங்கள் வண்டியை நிறுத்தி மாடுகளை அவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். நான் வண்டியின் பின்பலகையில் ஏறி, கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்துப் பேர் ஓடியாடும் ஆட்டத்தில் என் கண் அந்த இரண்டு ஜோடுகளை விட்டு நகரவே இல்லை. நாலு வருஷமாக வெறுங்காலோடு ஆடிய மனிதர் அன்றைக்கு மட்டும் ஏன் ஜோடு போட்டிருக்கிறார் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த ஆட்டத்தைக் கூடைப்பந்து என்கிறார்கள். அந்தக் காலத்தில் புதுச்சேரி ஆலைக்காரர்கள் பாஸ்கெத் என்பார்கள். எங்கள் குருவிநத்தத்தில் அது வெறும் வளையப்பந்துதான். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். முன்னால் ஓடிப் பந்தை வளையத்தில் போடுகிறவர்கள் இரண்டு பேர், நடுவில் ஒருவர், பின்னால் இரண்டு பேர். பின்னால் நிற்கிறவரைப் பிரெஞ்சில் அரியேர் என்று சொல்வார்கள். எங்கள் அண்ணன் அரியேர். எதிராளி நம் வளையத்துக்குக் கீழே வந்துவிடாமல் மறிப்பதுதான் அவர் வேலை. மறிக்கலாம், தொடக்கூடாது. தொட்டால் விசில் ஊதுவார்கள். ஓர் ஆட்டத்தில் நாலு முறை தொட்டுவிட்டால் ஆளையே வெளியே அனுப்பிவிடுவார்கள். இவ்வளவும் அண்ணன் எனக்குச் சொல்லித் தெரிந்ததுதான். நான் அவர் ஆடிப் பார்த்தது அந்த ஒரே ஒரு முறை.

யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்தி, பெண்ணையாற்றில் பெரிய வெள்ளம் வந்து எங்கள் நிலத்தில் பாதி மணல் மேடாகிப் போனது. மிச்சப் பாதியில் விளைந்த நெல் வீட்டுச் சாப்பாட்டுக்கே போதவில்லை. அப்பா கரும்பு வெட்டப் போனார். அண்ணன் புதுச்சேரிக்குப் போய் ஆலை வாசலில் வேலைக்கு நின்றார். அவரைப் போல் தினம் நூறு பேர் நிற்பார்கள், பத்துப் பேரைத்தான் உள்ளே விடுவார்கள். எட்டு நாள் நின்று பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று இருந்த அன்று, பஞ்சு மூட்டை ஏற்றி வந்த வண்டியின் மாடு ஒன்று ஆலைச் சங்குக்கு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்திருக்கிறது. எல்லோரும் சிதறி ஓட, அண்ணன் மட்டும் முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் விரித்து அதன் எதிரில் நின்றாராம். மாடு இடது பக்கம் போனால் இவரும் இடது பக்கம், வலது பக்கம் போனால் இவரும் வலது பக்கம். கயிற்றைப் பிடிக்கவில்லை, கொம்பைத் தொடவில்லை. கடைசியில் மாடு களைத்துப்போய்ச் சுவரோரம் நின்றுவிட்டது. மாடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் நெசவுப் பகுதித் துரை. எங்கள் பக்கம் பிரெஞ்சுத் துரைகளை முசே என்பார்கள். அந்த முசேதான் ஆலையின் பந்தாட்டக் கோஷ்டியைக் கட்டி நடத்தியவர்.

உள்ளே கூப்பிட்டு மேஸ்திரி மூலமாகக் கேட்டாராம், மாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று. "தலைய பாத்தா ஏமாந்துடுவோம் முசே. தலை ஆயிரம் ஆட்டம் ஆட்டும். தோள்பட்டை எங்க போவுதோ அங்கதான் மாடு போவும்" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். மனுஷருக்கும் அப்படித்தானா என்று முசே கேட்டதற்கு, "மனுசனுக்கு இடுப்பு" என்றாராம். அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது. பேருக்கு நெசவுக்கூடத்தில் எடுபிடி. உண்மையான வேலை சாயங்காலம் மைதானத்தில். மேஸ்திரி அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஆடற வரைக்கும்தான்பா இந்த எடம். ஆடலன்னா வாசல்ல நிக்கிற நூறு பேருல நீயும் ஒருத்தன்."

அம்மா அந்தச் செய்தி வந்த அன்றே திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். என் மகன் மூன்று வருஷம் உன் தீயை மிதிப்பான், அவன் வேலையை நீ காப்பாற்று என்று. அண்ணனைக் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

நாலு வருஷத்தில் அண்ணன் பெரிய ஆட்டக்காரர் ஆகிவிட்டார் என்று மேஸ்திரி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். காரைக்கால் வரைக்கும் ரயிலில் கூட்டிக்கொண்டு போனார்கள். இங்கிலீஷ் எல்லைக்குள் கடலூரிலும் விழுப்புரத்திலும் போய் ஆடினார்கள். ஆனால் மாலை போட்டதெல்லாம் முன்னால் நின்று பந்தை வளையத்தில் போட்டவர்களுக்குத்தான். அண்ணன் கழுத்தில் ஒரு தடவையும் மாலை விழுந்ததில்லை. சனிக்கிழமை ஊருக்கு வரும்போது ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பவர்கள் விட மாட்டார்கள்.

"இன்னா ஆலைக்காரரே, இந்த வாட்டியாச்சும் பந்து போட்டியா?"

"போடல."

"பின்ன எத்தினி வருசத்துக்குத்தான் போவப் போற? சும்மா நின்னுட்டு வர்றதுக்கு ஒரு ஆளா?"

"நான் போடல மாமா. அவன போட வுடல."

அப்பாவுக்கும் அது விளங்கவே இல்லை. முதல் வருஷத்தில் ஒருமுறை போய் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து, அம்மாவிடம் தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாரும் ஓடுறான், பந்த புடிக்கிறான், போடுறான். இவன் கைய விரிச்சிகினு காக்கா ஓட்டறவன் மாதிரி நிக்கிறான். எனக்குப் பயமா கீது. ஒரு நாளைக்கு அந்த தொரை கண்டுபுடிச்சிட்டு வெரட்டிடப் போறான்."

எனக்கு மட்டும் அண்ணன் செய்து காட்டுவார். மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் என்னை ஓடி வரச் சொல்லி, நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரில் வந்து நிற்பார். என் தாவணி முந்தானைகூட அவர் கையில் பட்டதில்லை. "தொட்டுட்டா அது மறிக்கிறது இல்ல பாப்பா. அது புடிக்கிறது. புடிக்கிறத எவன் வேணா செய்வான்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருக்கும் மகிழ்ச்சியைப் போல் வேறு ஒன்றை நான் பார்த்ததில்லை. பந்து போடுவதைப் பற்றி ஒருநாளும் அவர் ஆசைப்பட்டுப் பேசியதில்லை.

அண்ணன் வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம்தான் வேண்டுதலைத் தொடங்கினார். முதல் இரண்டு வருஷமும் தீமிதி நல்லபடியாக நடந்தது. காப்புக் கட்டி விரதம் இருந்து, மஞ்சள் வேட்டியோடு தணலில் இறங்கி, அக்கரைப் பால்குழியில் கால் நனைத்து, பூ மேல் நடந்தவர் மாதிரி வந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. விரதம் சுத்தமாக இருந்தவன் காலைத் தீ தொடாது. காலில் சுட்டுவிட்டால் அவன் விரதத்தில் குறை, இல்லாவிட்டால் அவன் வீட்டில் குறை. அது என்ன குறை என்று பிறகு ஊரே உட்கார்ந்து தேடும். அதனால் தீ மிதித்தவர்களில் காலில் சுட்டது என்று சொன்ன ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

மூன்றாவது வருஷம் ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தீமிதி வந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜூலை பதினாலு. பிரெஞ்சுக்காரர்களின் பெரிய பண்டிகை. புதுச்சேரி முழுக்கக் கொடியும் தோரணமுமாக இருக்கும், எங்கள் பாகூர்ப் பக்கத்திலிருந்து சனங்கள் வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். அந்த வருஷம் பண்டிகை ஆட்டத்தில் விழுப்புரத்து ரயில்வே ஆட்களோடு எங்கள் ஆலை மோதுவதாக ஏற்பாடு. பெரிய அதிகாரிகள் வந்து உட்காருவார்கள் என்று முசே ஒரு மாதமாகத் தலைகால் தெரியாமல் இருந்தாராம். ஆட்டக்காரர்களுக்குத் தினம் காலையில் தன் எதிரிலேயே இரண்டு முட்டை கொடுத்துத் தின்னச் சொன்னார். அண்ணன் கையில் காப்புக் கட்டியிருந்தது. முட்டை வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிப் பார்த்தார். "முட்டை துண்ணாதவன் ஆட வேணாங்கறாரு முசே" என்று பதில் வந்தது. அண்ணன் தின்றுவிட்டார். ஒன்பது நாள் தின்றார்.

அதே மாதத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கிருமாம்பாக்கத்து இடம். அவர்களும் பயிர் வைக்கிறவர்கள். ஆவணியில் முகூர்த்தம். மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் எங்கள் ஊர்த் தீமிதிக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் அம்மனிடம் ஏதோ வேண்டுதல் இருந்து, அவரும் அன்றைக்கு இறங்கினார்.

சூரியன் மேற்கே சாயும்போது தீக்குழியில் இறங்கினார்கள். அண்ணன் முறை வந்தது. நாலு எட்டு நன்றாக வைத்தார். ஐந்தாவது எட்டில் தோள் ஒரு தரம் குலுங்கியது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் தெரியவில்லை. பால்குழியில் மற்றவர்களைவிட கொஞ்சம் அதிக நேரம் நின்றார். பிறகு கோயிலைச் சுற்றி நிமிர்ந்து நடந்து வந்து, என் வருங்கால மாமியார் மாமனார் காலில் விழுந்து கும்பிட்டார். அம்மா கண்ணீர் விட்டாள். "மூணு வருசமும் முடிஞ்சிது தாயே" என்று அம்மனைப் பார்த்துக் கையெடுத்தாள்.

விளக்கு வைத்த பிறகு மாட்டுக் கொட்டகையிலிருந்து அண்ணன் மெதுவாகக் கூப்பிட்டார். வைக்கோல்மேல் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். சிம்னி விளக்கை அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். வலது பாதத்தில் விரல்களுக்குக் கீழே சதை முழுவதும் ஒரே கொப்புளமாக எழும்பியிருந்தது. இடது காலில் குதிங்கால் ஓரம். நான் கத்தப் போனேன். வாயைப் பொத்தினார்.

"கத்தாதடி. முட்டை துண்ணேன் பாப்பா. காப்போட துண்ணேன். அம்மன் கால்ல காட்டிட்டா."

"அம்மாகிட்ட சொல்லலாம் அண்ணா."

"சொன்னா அம்மா இன்னிக்கே உயிர வுட்டுடும். வெளிய தெரிஞ்சா கிருமாம்பாக்கத்துக்காரங்க இன்னா சொல்லுவாங்க? குறையுள்ள வூட்ல பொண்ணு எடுப்பாங்களா? ஆவணி வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. என் மேல ஆணை."

"ஞாயித்துக்கெழம ஆட்டம் இருக்குதே."

"ஜோடு கீது. போட்டுக்கறேன்."

சுண்ணாம்புத் தெளிவில் தேங்காய் எண்ணெயைக் கலந்து கோழியிறகால் தடவினேன். பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினேன். ஆலையில் பாகூர்ப் பக்கத்து ஆட்கள் நிறைய உண்டு, அங்கே ஒருத்தனிடம் சொன்னால் மறுநாள் ஊருக்கு வந்துவிடும் என்பதால் முசேயிடமும் சொல்ல முடியாது என்றார். சனிக்கிழமை விடியும் முன்பே எழுந்து, அம்மா பார்க்கும்போது சாதாரணமாக நடந்து, வண்டியில் ஏறி கிருமாம்பாக்கம் போய் அங்கிருந்து மோட்டாரில் போனார். வண்டி தெரு முனை திரும்பும் வரை நின்று பார்த்தேன். வேறு என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்களும் போனோம். கிருமாம்பாக்கத்தில் மாப்பிள்ளை வீட்டு வண்டியும் சேர்ந்துகொண்டது. தவளக்குப்பம் தாண்டும்போது கடலூர் ரோட்டில் முன்னும் பின்னும் வண்டிகளாகவே இருந்தன. எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். மைதானத்தில் இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். மாமியார் வெள்ளரிப்பிஞ்சு நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி என் கையில் கொடுத்தார். நான் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஆட்டக்காரர்கள் உள்ளே வந்தார்கள். முசே அண்ணனின் காலைப் பார்த்துவிட்டு, கை தட்டி, முதுகில் தட்டிக்கொடுத்தார். ஜோடு போட்டு ஆடு என்று நாலு வருஷமாக அவர் சொல்லி அண்ணன் கேட்டதில்லை. பெரிய அதிகாரிகள் முன்னால் தன் ஆட்கள் ஐந்து பேரும் ஜோடோடு நிற்கிறார்கள் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதல் பாதி முழுவதும் அண்ணன் நின்றார். ரயில்வே ஆட்களில் ஒல்லியாக ஒருவர் இருந்தார். சாரைப்பாம்பு மாதிரி வளைந்து வளைந்து வருவார். அவர் வரும்போதெல்லாம் அண்ணன் கையை விரித்துக்கொண்டு எதிரில் இருந்தார். அந்த ஆள் திரும்பிப் போய்விடுவார். கூட்டத்தில் ஒருவரும் அதற்குக் கை தட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அண்ணன் வலது காலை ஊன்றும்போது என் பாதம் வண்டிப் பலகையில் சுருங்கியது.

இடைவேளைக்குப் பிறகு ஜோட்டின் வெள்ளைத் துணியில் ஓரமாக ஈரம் தெரிந்தது. வேர்வை என்று யாரும் நினைத்திருப்பார்கள். ஒல்லி ஆள் இடது பக்கம் ஆட்டம் காட்டி வலது பக்கம் பாய்ந்தார். அண்ணன் ஏமாறவில்லை. அவர் உடம்பு சரியான பக்கம்தான் திரும்பியது. கால்தான் வரவில்லை. கை தானாக நீண்டு அந்த ஆளின் தோளில் பட்டுவிட்டது. விசில் ஊதினார்கள்.

அண்ணன் தன் கையையே பார்த்தார்.

அப்பா வண்டியில் எழுந்து நின்றுவிட்டார். "அடிச்சிட்டான் பாரு! இன்னிக்கிதான்டா ஆடுறான் எம்புள்ள!" என்று பக்கத்து வண்டிக்குக் கேட்கும்படி கத்தினார். இரண்டாவது முறை விசில் ஊதியபோது துண்டை எடுத்து வீசினார். "அப்பிடித்தான்! வுடாத! சும்மா நிக்காத!"

எனக்கு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. அது அடி இல்லை, அவருடைய கால் வெந்து கிடக்கிறது, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்று. மாமியார் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்றாவது விசில். முசே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து பிரெஞ்சில் ஏதோ கூவினார். நாலாவதும் ஊதினார்கள். அண்ணன் மைதானத்தை விட்டு வெளியே நடந்தார். நொண்டவில்லை. நிமிர்ந்துதான் நடந்தார். அவர் போன பிறகு ஒல்லி ஆள் தடையில்லாமல் வந்து வந்து பந்தைப் போட்டார். ஆலை தோற்றது. ஆலை ஆட்கள் அண்ணனைப் பார்த்து மண்ணை வாரி எறிந்தார்கள்.

மறுநாள் முசே கூப்பிட்டு விசாரித்ததை அண்ணன் ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். முசே கோபப்படவில்லையாம். கோபப்பட்டிருந்தால் தேவலை என்றார். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மேஸ்திரியைக் கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டிருக்கிறார். நாலு வருஷத்தில் நீ எத்தனை பேரைத் தொட்டிருக்கிறாய்? விரல் விட்டு எண்ணிவிடலாம். நேற்று ஒரே ஆட்டத்தில் நாலு முறை தொட்டாய். உனக்கு மறிக்கத் தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். ரயில்வேக்காரர்கள் உனக்கு என்ன தருவதாகச் சொன்னார்கள்?

அண்ணன் அங்கேயும் ஜோட்டோடுதான் நின்றுகொண்டிருந்தார். குனிந்து அதைக் கழற்றிக் காட்டியிருந்தால் போதும். பக்கத்தில் நின்ற மேஸ்திரி பாகூர்க்காரர்.

"ஒண்ணும் சொல்லல முசே" என்றாராம். அதுதான் அவர் சொன்ன பதில் முழுவதும். அதை முசே எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் ஊருக்கு வந்ததும் கொட்டகையில் நான்தான் அந்த ஜோட்டைக் கழற்றினேன். முதலில் வரவில்லை. வெந்நீர் ஊற்றி ஊற வைத்து இழுத்தபோது தோலும் கூடவே வந்தது. அம்மாவிடமும் அப்பாவிடமும் ஆணி குத்திவிட்டது என்றார். ஆலை போனதற்கு, தோற்றதால் முசே கோஷ்டியையே மாற்றிவிட்டார் என்றார். அப்பா, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். கால் புரையோடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஆறியபோது வலது கால் விரல்கள் உள்பக்கமாக மடங்கிக்கொண்டு நின்றுவிட்டன.

ஆவணியில் என் கல்யாணம் நடந்தது. அண்ணன் காலையிலிருந்து மதியம் வரை நின்றுகொண்டே இருந்தார். மாலையை எடுத்துக் கொடுத்தார், பந்தியில் பரிமாறினார், மாப்பிள்ளை வீட்டாரை வண்டி ஏற்றிவிட்டார். புறப்படும்போது நான் அவர் காதருகே, "இனிமே போய் முசேகிட்ட காட்டு அண்ணா, நான் வூட்ட வுட்டே போய்ட்டேன்ல" என்றேன். "இப்ப காட்டினா ஆணி குத்துனதும்பான்" என்று சிரித்தார். அது மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கால் இனி ஒரு கன்றுக்குட்டிக்கும் எதிரில் திரும்பாது.

பிறகு அவர் பிறத்தியார் கரும்பில் வேலைக்குப் போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நிக்கத் தெரிஞ்சவனுக்கு இன்னாத்துக்குக் கல்யாணம்" என்று ஏதாவது சொல்லிவிடுவார். ரயில்வேக்காரனுக்கு ஆட்டத்தை விற்றவன் என்ற பேச்சு ஆலையிலிருந்து ஊருக்கும் வந்து சேர்ந்தது. ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பவர்கள் அதையும் விடவில்லை. ஆனால் வருஷம் தவறாமல் பொங்கலுக்கு எனக்குச் சீர் கொண்டு வருவார். மஞ்சள் கொத்து, கரும்பு, புதுப்பானை, அரிசி, வெல்லம். எல்லாவற்றையும் தோளில் சுமந்து, அந்தக் காலை இழுத்துக்கொண்டு, குருவிநத்தத்திலிருந்து கிருமாம்பாக்கத்துக்கு நடந்தே வருவார்.

எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகு ஒரு பொங்கலன்று அப்படி வந்து, சாப்பிட்டு, புறப்பட்டுப் போனார். மாமியார் வாசலில் உட்கார்ந்து அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் அப்போது காலமாகிவிட்டார்.

"பாவம் உங்க அண்ணன். அன்னிக்குத் தீயில பட்ட காலு, இன்னிக்கும் நேராவலியே" என்றார்.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அத்தை, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாம இன்னா? என் கால்ல வுழுந்து எழுந்திரிக்கும்போதே பாத்தேனே, வெரல ஊன முடியாம எழுந்தாரு. அந்த வருசம் தணல சரியா ஆற வுடாம எறக்கிட்டானுங்க. உங்க மாமாவுந்தான் பத்து நாளு எண்ணெய் தடவிகினு படுத்திருந்தாரு. வெளிய சொல்லாதேன்னாரு. எவன்தான் சொன்னான்?"

"அப்போ... நீங்க இந்தச் சம்பந்தத்த..."

"ஏண்டி, பொண்ணு பாக்க வந்தோமா, பொக்களம் பாக்க வந்தோமா?" என்று மாமியார் சிரித்தார். அவருக்கு அது ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு. ஜூலை பதினாலன்று வண்டியில் என்னைத் திரும்பிப் பார்த்தபோது, நான் ஏதாவது சொல்லட்டும் என்றுதான் பார்த்தாராம். அண்ணனுக்கு ஏன் ஆலை போயிற்று என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

எழுந்து தெருவுக்கு ஓடினேன். அண்ணன் இன்னும் கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். தோளில் வெறும் சாக்கு தொங்கியது. கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டு என்னவென்று சொல்வது? நீ காத்த ரகசியம் ரகசியமே இல்லை, அன்றைக்கே ஜோட்டைக் கழற்றிக் காட்டியிருந்தாலும் என் கல்யாணம் நடந்திருக்கும் என்றா? அவர் மெதுவாக ரோட்டில் திரும்பி மறைந்தார். நான் தெருவிலேயே நின்றிருந்தேன். அதன் பிறகு வந்த ஒவ்வொரு பொங்கலுக்கும், இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அதற்குள் அவர் புறப்பட்டுப் போய்விடுவார்.

மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிரெஞ்சுக்காரர்களும் போய்விட்டார்கள். அண்ணனுக்குத் தலை நரைத்துவிட்டது, இப்போது பஸ்ஸில் வருகிறார். போன பொங்கலுக்கு வந்தபோது கொல்லையில் கல்லின்மேல் உட்கார வைத்து, வெந்நீர் கொண்டுபோய் நானே காலைக் கழுவிவிட்டேன். வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. மடங்கிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சொல்வதானால் இப்போதுதான் என்று தோன்றியது. அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏன் பாப்பா, இந்தக் கால் சங்கதி இன்னிய வரைக்கும் உங்க வூட்ல யாருக்கும் தெரியாதில்ல?"

நான் தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டே, "தெரியாது அண்ணா" என்றேன்.

"உங்க மாமியாருக்கு?"

"அவங்களும் தெரியாமத்தான் போய்ட்டாங்க."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் என்னை ஓடிவரச் சொல்லி மறித்த நாட்களில் பார்த்த அந்த மகிழ்ச்சி அவர் முகத்தில் மெல்ல வந்தது.

"பாத்தியா, வுடலயே நானு" என்றார்.

நான் இன்னொரு செம்புத் தண்ணீர் எடுத்து அவர் காலில் ஊற்றினேன்.